கழுத்துச் சிரையில் டாப்ளர் பரிசோதனை: நுண்கட்டி கேட்கவில்லை என்றால் உறைவு கரைந்துவிட்டதா?

கேள்வி (ரோஸ் ஹில், மொரிஷியஸ்):
வணக்கம். என் தங்கைக்குப் பிரசவமான 11ஆம் நாள் தலைவலி தொடங்கியது. படுத்தால் கூடியது, எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. பிரசவக் களைப்பு என்றே முதலில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிரைகளைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வெனோகிராம் எடுத்த பிறகுதான் மூளையின் பெரிய சிரைக்குழியில் (மூளையின் இரத்தம் வடியும் பாதை) இரத்தம் உறைந்திருப்பதும், அருகே சிறிது இரத்தக் கசிவு இருப்பதும் தெரிந்தன. இப்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி கொடுக்கிறார்கள். நேற்று அவள் கழுத்தில் ஜெல் தடவி, அரை மணி நேரம் டாப்ளர் (இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் அல்ட்ராசவுண்ட் கருவி) வைத்துக் கேட்டுவிட்டு, நுண்கட்டி, அதாவது உறைவிலிருந்து பிரிந்த சிறு துணுக்கு, எதுவும் போகவில்லை என்றார்கள். அப்படியானால் ஊசியை நிறுத்தலாமே, கசிவு இருக்கும்போது அது ஆபத்தாயிற்றே என்று அம்மா அழுகிறார்.

பதில் 1 (டர்பன், அல்ட்ராசவுண்ட் பிரிவில் பணிபுரிபவர்):
அம்மா அந்த முடிவுக்கு வர வேண்டாம். மூளையிலிருந்து இறங்கும் இரத்தம் கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் செல்கிறது. உறைவிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து அவ்வழியே போனால், சிரையின் தாழ்ந்த இரைச்சலுக்கு நடுவே ‘கீச்’ என்று ஓர் ஒலி எழும். அது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட நீடிக்காது. எச்சில் விழுங்கினாலும் கருவி நழுவினாலும் சத்தம் வரும் என்பதால், நோயாளியைப் பேசாமல் படுத்திருக்கச் சொல்வோம். ஒலி கேட்கவில்லை என்றால், அந்த அரை மணியில், அந்தப் பக்கத்தில் துணுக்கு எதுவும் கடக்கவில்லை என்பதே பொருள். சிரைக்குழி முழுவதும் அடைபட்டிருந்தால் துணுக்கு வர வழியே இல்லாமலும் போகலாம். உறைவு இருக்கிறதா என்பதை வெனோகிராம்தான் சொல்லும்.

பதில் 2 (போர்ட் லூயிஸ், மருத்துவர்):
கசிவைப் பற்றிய அம்மாவின் அச்சம் நியாயமானதே. ஆனால் அடைப்பினால் இரத்தம் வடிய வழியின்றி அழுத்தம் ஏறுவதால்தான் இந்நோயில் பெரும்பாலும் கசிவு உண்டாகிறது. ஆகவே கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் கொடுப்பதே வழக்கம். 1991இல் ஜெர்மனியில் 20 பேரிடம் நடந்த ஆய்வில் ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தனர். ஹெப்பாரின் உறைவைக் கரைப்பதில்லை. உறைவு மேலும் வளராமல் அது தடுக்கிறது, உறைவை உடல்தான் மெல்லக் கரைக்கிறது. தாய்ப்பாலில் அது கலப்பதில்லை, குழந்தைக்குத் தயங்காமல் பால் கொடுக்கலாம். உங்கள் மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அக்கணமே செவிலியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பதில்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்தச் சொல்லி இனி அவர் கேட்கமாட்டார். அடுத்த வெனோகிராம் எப்போது என்று நாளை காலை மருத்துவரிடம் கேட்கிறேன்.