மறு: டாக்கிங் – ஒரு 'த்' போதுமா?

> 'விண்கல இணைப்பு' என்றுதானே பத்திரிகைகள் எழுதுகின்றன? புதுச்சொல் எதற்கு?

விண்வெளியில் ஒரு கலம் இன்னொன்றோடு போய்ச் சேர்வதுதான் டாக்கிங். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'பிணை' என்ற சொல்லை முன்வைத்தேன். 'இணைப்பு' என்பதில் தப்பில்லை ஐயா. ஆனால் மின் இணைப்பு, கேஸ் இணைப்பு, மின்னஞ்சலோடு வரும் இணைப்பு என்று அதன் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. நான் 'பிணை'யைப் பிடித்ததற்குக் காரணம் சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் ஜானிபெகோவ்.

1978 முதல் 1985 வரை ஐந்து முறை பறந்தவர். ஐந்திலும் கலத் தலைவர் அவரே. முதல் பயணத்தில் அவருடைய சோயுஸ் 27 கலம் போய்ச் சேர்ந்தபோது, சல்யூட் 6 விண்வெளி நிலையத்தின் மறுமுனையில் இன்னொரு சோயுஸ் நின்றிருந்தது. ஒரே நிலையத்தில் இரண்டு கலங்கள் நின்றது அதுதான் முதல்முறை. 1982இல் தானியங்கி அமைப்பு காலை வாரியதும் கையால் ஓட்டியே சல்யூட் 7இல் சேர்த்தார்.

1985 பிப்ரவரியில், ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அதே சல்யூட் 7 பேச்சுமூச்சற்றுப் போனது. சோயுஸின் 'இக்லா' கருவி தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமானால் நிலையமும் ரேடியோவில் பதில் தர வேண்டும். செத்த நிலையம் எங்கே பதில் தருவது? ஜூன் 8 அன்று, உடன் சென்ற வீரர் விக்தர் சவினிக் கையடக்க லேசர் கருவியால் தூரத்தை அளந்து சொல்ல, ஜானிபெகோவ் கையாலேயே ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உள்ளே தண்ணீரெல்லாம் உறைந்து கிடந்தது. மின்கலங்களை நேரடியாகச் சூரியத் தகடுகளோடு கம்பி இழுத்துக் கோத்து, சோயுஸின் எஞ்சினால் நிலையத்தையே சூரியன் பக்கம் திருப்பி உயிர் கொடுத்தார்கள். (இதற்கும் ஒரு கலைச்சொல் கேட்காதீர்கள்.)

இக்லா ஓட்டினால் கலம் பிணைகிறது: பிணைதல். ஜானிபெகோவ் பிணைத்தார்: பிணைத்தல். டாக்கிங்குக்கு முன்னால் 'ஆட்டோ', 'மேனுவல்' என்று ஒட்டுப்போட வேண்டும். நமக்கு ஒரு 'த்' போதும்.

———

> நமக்கு ஒரு 'த்' போதும்.

அழகுதான், ஆனால் நிற்காது. 2025 ஜனவரியில் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் தானியங்கியாகத்தான் சேர்ந்தன. செய்தியில் என்ன எழுதுவீர்கள்? 'இஸ்ரோ பிணைத்தது' என்றுதான். தன்வினை பிறவினை யார் எழுவாய் என்பதைச் சொல்லும். யார் ஓட்டினார் என்பதைச் சொல்லாது. போதாக்குறைக்கு 'பிணை கிடைத்தது' என்றால் ஜாமீன் என்றுதான் படிப்பார்கள்.

———

எழுவாய் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பட்டியலில் 'பிணைப்பு' என்று பொதுவாக வைத்து, கைப்பிணைப்பு, தானியங்கிப் பிணைப்பு என்று பிரிப்போம். ஜாமீன் குழப்பம் வராது. விண்கலத்தை எந்த நீதிமன்றமும் உள்ளே தள்ளப்போவதில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சோயுஸின் முனை நிலையத்தின் கூம்புக்குள் போய் முதலில் மாட்டுகிறது. பிறகுதான் உள்ளிழுத்துக் கொக்கிகள் இறுக்குகின்றன. இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். 'மாட்டல்', 'இறுக்கல்' என்றே வைக்கலாம், எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

'அணுகல்' கட்டாயம் தனிப் பதிவாக இருக்கட்டும். 1985 செப்டம்பரில் ஜானிபெகோவும் சக வீரர் கிரெச்கோவும், ஜூனில் ஜானிபெகோவ் போன அதே சோயுஸ் டி-13இல் நிலையத்தை விட்டுப் பிரிந்ததும் நேரே தரையிறங்கவில்லை. மறுபடி சல்யூட்டை அணுகிப் பார்க்கும் சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அங்கே அணுகல் உண்டு, பிணைப்பு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்தப் பயணத்தை எழுதவே முடியாது.

டாக்கிங் போர்ட்டுக்கு 'பிணைவாய்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.