மரநிழலில் சிப்ரிபீடியம்: நட்ட செடி அழுகுவது ஏன்?

சிப்ரிபீடியம் என்பது தரையில் வளரும் ஆர்க்கிட் செடி. அமெரிக்காவின் மின்னசோட்டா, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், தெற்கு ஜெர்மனி ஆகிய இடங்களில் அதை வளர்ப்போர் தரும் பதில்கள் இவை.

மின்னசோட்டா, களிமண் நிலம்

செப்டம்பர், அக்டோபரில் நடுங்கள். அப்போது இலை காய்ந்து, அடுத்த ஆண்டுக்கான மொட்டு கூராகத் திரண்டிருக்கும். இதன் வேர் ஆழம் போகாது, பக்கவாட்டில்தான் ஓடும். குழி 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம், அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெர்லைட் அல்லது பியூமிஸ் (நீரை எளிதில் வடியவிடும் லேசான எரிமலைக் கற்கள்) 2 பங்கு, தோட்டத்து மண் 1 பங்கு. வேர்களை ஆரக்கால் போல விரித்து, மொட்டின் நுனி மண்ணுக்குள் 2-3 செ.மீ. இருக்கும்படி மூடவும். களிமண்ணில் இந்தக் குழி மழைக்குத் தொட்டியாகிவிடும், சுற்றியுள்ள மண் நீரை வெளியே விடாது. அங்கே குழியே வேண்டாம். அதே கலவையில் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போடுங்கள்.

யார்க்‌ஷயர்

மேட்டுப் பாத்தி சரி. ஆனால் உங்கள் ஊரில் பனிப்போர்வைக்குக் கீழே செடி நிம்மதியாக உறங்கும். இங்கே குளிர்காலம் முழுக்க நசநசவென்று மழை. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை மொட்டுகளுக்கு மேலே கண்ணாடிப் பலகை ஒன்றைச் சாய்த்து நிறுத்துவது நல்லது, பக்கவாட்டில் காற்றோட்டத்தோடு. மூடாக்குக்கு அகன்ற இலைகள் ஆகாது. நனைந்து பாய்போல ஒட்டிக்கொள்ளும். பைன் ஊசியிலை 3 செ.மீ. போதும். வசந்தத்தில் சுருளாக எழும் தளிரின் குழிக்குள் தண்ணீர் விடாதீர்கள். அது தேங்கி, இரவில் உறைபனியும் விழுந்தால் பூமொட்டு உள்ளேயே கருகிப்போகும். நத்தைக்கும் அந்தத் தளிர்தான் விருந்து.

தெற்கு ஜெர்மனி

எந்த மரத்தடி என்று யாரும் சொல்லவில்லையே! பீச், மேப்பிள் வேண்டவே வேண்டாம்: மேலோட்டமாகப் பரவும் அவற்றின் வேர் ஓரிரு ஆண்டில் பாத்திக்குள் புகுந்து ஈரத்தைக் குடித்துவிடும். ஓக், ஆப்பிள் பரவாயில்லை. காலை வெயில், நண்பகலில் சல்லடை நிழல். புதிதாகத் தொடங்குவோருக்கு ‘கிசெலா’ போன்ற கலப்பினம் போதும். அகாலே என்ற சிப்ரிபீடிய இனத்தின் இளஞ்சிவப்புப் பூவில் மயங்கிவிடாதீர்கள். அதற்கு pH 4-5 அளவில் புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்புள்ள குழாய்நீர் சில மாதங்களிலேயே அதைக் கெடுத்துவிடும்.

மின்னசோட்டா, மீண்டும்

காட்டிலிருந்து தோண்டிய செடி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வேர் அறுந்து வருவதால் பெரும்பாலும் பிழைக்காது. இங்கே மாநில மலரான ரெஜினே என்ற சிப்ரிபீடிய இனத்தைப் பறிப்பதையே 1925 முதல் சட்டம் தடுக்கிறது. விதையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த நாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

தண்டின் அடி பழுப்பாகிக் கொழகொழத்தால் செடியையே பிடுங்கிவிடாதீர்கள். கொதிநீரில் நனைத்தெடுத்த கத்தியால் அந்தத் தண்டை மட்டும் மண்ணுக்குக் கீழே வெட்டி, ஈர மண்ணை விலக்கி, உலர்ந்த பெர்லைட் நிரப்புங்கள். கிழங்குத்தண்டு கெட்டியாக இருந்தால் உறங்கும் கண் ஒன்று அடுத்த வசந்தத்தில் முளைக்கலாம். அதுவரை உரம் கிடையாது.