புதுப்பிப்பு: எழுத்துப் பட்டறையில் யாரும் வாய் திறக்காத பிரச்சினை தீர்ந்தது

எங்கள் பல்கலைக்கழகச் சிறுகதைப் பட்டறையில் “நல்லா இருக்கு” என்பதைத் தாண்டி யாரும் பேசுவதில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பெயர் போடாத பிரதிகளைக் கொடுத்துப் பார்த்தோம். எடுபடவில்லை, நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம், எழுதியவர் பேசாமல் உட்கார்ந்திருக்க, வேறொருவர் கதையைச் சத்தமாக வாசிப்பது. அதுதான் கைகொடுத்தது. வாசித்தவர் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்க நின்றார். மூன்று பேர் அதே இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். பேச்சு அங்கிருந்து பிடித்துக்கொண்டது, ஒரு மணி நேரம் ஓயவில்லை!

எதிர்பாராத ஒன்று: கடைசிவரை மௌனமாக இருந்த, கதையை எழுதியவரின் முகம் வாடிப்போய்விட்டது. இப்போது முடிவில் 10 நிமிடம் அவர் கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்குகிறோம்.