திகில் பட இசை ஆல்பங்கள்: உங்கள் பரிந்துரை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. திகில் படங்களின் பின்னணி இசையைத் தனி ஆல்பமாகக் கேட்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'சைக்கோ' (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தார். குளியலறைக் காட்சியில் கீச்சிடும் அந்த வயலின்களை இரவில் தனியாக இன்றும் என்னால் கேட்க முடியவில்லை. 'ஹாலோவீன்' (1978) வேறு ரகம். இயக்குநர் ஜான் கார்பென்டரே போட்ட பியானோ மெட்டு, ஐந்து தட்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப வந்தே நடுங்க வைக்கும்.

திடீர்ச் சத்தத்தில் தூக்கிவாரிப் போடுவதெல்லாம் பயமே இல்லை என்பது என் கருத்து. மெல்ல மெல்ல அடிவயிற்றைப் பிசைய வேண்டும். அப்படி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்கக்கூடிய ஆல்பம் எது? எந்த மொழியானாலும் சரி. ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரி சேர்த்தே எழுதுங்களேன்.