குவாத்தமாலா பாடநூல் திட்டம்: ஏழைப் பிள்ளைகளிடம் வாடகை வாங்குவது சரியா?

ஒஹாயோவாசி கேட்கிறார்:
அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் ஒரு ரோட்டரி சங்கத்தின் உறுப்பினர். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நடக்கும் ‘குவாத்தமாலா எழுத்தறிவுத் திட்ட’த்துக்கு நன்கொடை அளிப்பது பற்றி எங்கள் சங்கத்தில் இப்போது பேச்சு நடக்கிறது. சின்சினாட்டியைச் சேர்ந்த கோஆப்பரேட்டிவ் ஃபார் எஜுகேஷன் என்னும் தொண்டு நிறுவனமும் பல ஊர்களின் ரோட்டரி சங்கங்களும் 1997 முதல் சேர்ந்து நடத்திவரும் இத்திட்டத்தில், ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் கிராமப்புற மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் போன்ற பாடங்களுக்கு நூல்கள் தரப்படுகின்றன. ஆனால் மாணவர்கள் ஆண்டுதோறும் சிறு தொகையை வாடகையாகச் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் விலையில்லாப் புத்தகம் வாங்கிப் படித்தவன் என்பதால் எனக்கு இது உறுத்தலாக இருக்கிறது. நாம் நன்கொடையாகக் கொடுக்கும் நூலுக்கு அவர்களிடம் ஏன் பணம் வாங்க வேண்டும்?

சுழல்நிதி என்ற பெயரில் எழுதுபவர்:
உங்கள் உறுத்தல் நியாயமானதே. ஆனால் தமிழ்நாட்டில் இலவசப் புத்தகத்தின் பின்னால் ஒவ்வோர் ஆண்டும் அரசின் வரவுசெலவுத் திட்டம் இருக்கிறது. சங்கத்தின் நன்கொடையோ ஒரு முறை வருவது, தலைவர் மாறினால் அக்கறையும் மாறிவிடும். கொடுத்த புத்தகம் சில ஆண்டுகளில் கிழிந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் வாடகை விடையாக வந்தது. அந்தப் பணம் நன்கொடையாளருக்கோ நிறுவனத்தின் செலவுக்கோ போவதில்லை. சுழல்நிதியில், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சேமிப்பில் சேர்ந்து, ஏறத்தாழ 5 ஆண்டுகளில் அதே பள்ளிக்குப் புதிய நூல்கள் வாங்கப் பயன்படுகிறது. கணினி மையங்களுக்கும் இதே முறைதான்.

மேலும், அங்குள்ள கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் கூட்டுறவுப் பள்ளி என்றொரு வகை உண்டு. அதன் செலவைக் கல்வி அமைச்சகமும் நகராட்சியும் பெற்றோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே கட்டணம் என்பதே அந்தப் பெற்றோருக்குப் புதிதல்ல. புத்தகம் இல்லாத வகுப்பில் ஆசிரியர் தம்மிடமுள்ள ஒரே பிரதியைப் பார்த்துக் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வதிலேயே பாடவேளையின் பெரும்பகுதி போய்விடும். விளக்கத்துக்கும் கேள்விக்கும் நேரம் ஏது?

முன்னாள் தலைமையாசிரியர்:
மேலே எழுதிய நண்பரின் கணக்குச் சரி; ஆயினும் சிறு தொகைகூடச் சில வீடுகளுக்குப் பாரம்தான். செலுத்த இயலாத பிள்ளையை அந்தந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதைக் கேட்டறியாமல் உங்கள் சங்கம் கையெழுத்திட வேண்டாம். 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996 இறுதியில்தான் ஓய்ந்த நாடு அது. போரில் மிகுதியாக அடிபட்ட, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாயா மக்கள்தான் வறுமையிலும் மிகுதியாக இருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்நாட்டில் 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. வீட்டில் காக்சிகேல் அல்லது கிச்சே பேசும் குழந்தை, பள்ளியில் ஸ்பானிய மொழியில் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறது. தொடக்க வகுப்பில் வாசிப்பு வராதவருக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் நூல் எதற்கு உதவும்? இதே திட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாசிப்புக் கற்பிக்கப் பயிற்சி தரும் பகுதி ஒன்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால், பணத்தை முதலில் அதற்கே ஒதுக்குவேன். ஆனால் பயிற்சியைப் படம் எடுத்து மாட்ட முடியாது என்பதால் சங்கங்களுக்குப் புத்தகப் பெட்டிதான் பிடிக்கிறது!

சுழல்நிதி:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஒஹாயோ நண்பருக்கு ஒரு நடைமுறைத் தகவல்: ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலராக இருக்க வேண்டும், திட்டம் நடக்கும் நாட்டின் சங்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், மானியம் தீர்ந்த பின் பணி எப்படித் தொடரும் என்பதையும் விளக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஒஹாயோவாசி:
இருவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் விண்ணப்பத்தின் படியைக் கேட்கிறேன். கட்டணம் செலுத்த முடியாத மாணவர் பற்றிய கேள்வியை எழுத்துமூலமாகவே முன்வைக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு பங்கு ஒதுக்கவும் சொல்லிப் பார்க்கிறேன்.