ஊட்டில காலேஜ் படிச்சவங்க வாங்க, அந்தக் கால பார் கதை ராத்திரி கதை இருந்தா சொல்லுங்க

ஸ்டோன்ஹவுஸ்_மேடு:

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ், எம்.ஏ., 2004-ல சேர்ந்தேன். சொந்த ஊரு சத்தியமங்கலம் பக்கம். கிளம்பும்போது சித்தப்பா பையன் சொன்னான், "ஊட்டின்னா நைட் லைஃப் சும்மா பின்னிரும்டா"ன்னு. அவன் பாத்தது மே மாசம், ஃப்ளவர் ஷோ கூட்டம். நான் போய் இறங்கினது ஜூன் கடைசி. ஏழரைக்கெல்லாம் கமர்ஷியல் ரோட்டுல பாதி ஷட்டர் இறங்கிருச்சு, எட்டரைக்கு சேரிங் கிராஸ் ஃபவுண்டன் கிட்ட ரெண்டு டாக்ஸியும் மழையும் தான்.

பெரிய ஓட்டல் பார் எல்லாம் நமக்கு வெளியில இருந்து பாக்க மட்டும். ஊட்டி கிளப் வாசல் வரைக்கும் நடந்து போயிருக்கோம், ஸ்னூக்கர் விதிமுறையை 1882-ல எழுதி மாட்டின எடம்னு ஒரு சீனியர் பெருமையா காட்டுவாரு, அவரும் உள்ள போனது கிடையாது. மெம்பர் இல்லாம விடமாட்டாங்க, மெம்பர் ஆகுற மூஞ்சி எங்க யாருக்கும் இல்ல.

எங்க பார் மார்க்கெட் பக்கம், மரப்படி ஏறிப் போகணும், பேரு வேண்டாம், இப்ப அது இல்லவும் இல்ல. 2003 நவம்பர்ல தான் சில்லறைக் கடை எல்லாத்தையும் டாஸ்மாக் எடுத்திருந்துச்சு, அதனால பெருசுங்க எல்லாம் எதுக்கெடுத்தாலும் "ஏலக்கடை இருந்தப்ப இப்படியா"ன்னு, தனியார் ஏலத்துல எடுத்து நடத்தின பழைய கடைகளை இழுப்பாங்க. தகர மேசை, மண்ணெண்ண ஸ்டவ்வுல எப்பவும் சுடுதண்ணி. எங்க ஊருப் பக்கம் குவாட்டருக்கு வாட்டர் பாக்கெட்டை பல்லால கடிச்சு ஊத்துவானுங்க, இங்க பிளாஸ்டிக் ஒழிப்புல மாவட்டமே முன்னாடி நின்ன காலம், கண்ணாடி கிளாஸு, அதுல சுடுதண்ணி, மேல ரெண்டு மிளகு. சைட் டிஷ் முட்டை பொடிமாஸ், காசு இல்லாத நாள் உப்பு தூவின கேரட்.

இப்ப யோசிச்சா அந்த பாரோட விசேஷம் சரக்கு இல்ல, ஆளுங்க தான். கோயம்புத்தூர்ல படிச்ச என் ஃப்ரெண்டுக்கு பார்னா அவன் வயசுப் பசங்க மட்டும். எங்களுக்கு அப்படி வாய்க்கல. குளிர்ல திறந்திருக்கறதே ஒண்ணு ரெண்டு கடை, அதனால லோடு டிரைவர், லாட்ஜ் ரூம் பாய், ஹட்டின்னு சொல்ற அவங்க கிராமத்துல இருந்து மார்க்கெட் கணக்கு முடிக்க வந்த படுகர் பெரியவங்க, பசங்க நாங்க, எல்லாரும் ஒரே மேசையில முட்டி இடிச்சுக்கிட்டு உக்காரணும். ஸ்டவ் பக்கத்து சீட்டு வயசானவங்களுக்கு, இது எழுதாத சட்டம்.

அதுல ஒருத்தர் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல வேலை பாத்து வி.ஆர்.எஸ். வாங்கினவர். 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி, "இந்து"ன்னு ஃபிலிம் வரும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம் கூட அங்க இருந்து தான். 1996-லயே நலிவடைஞ்ச கம்பெனின்னு அறிவிச்சுட்டாங்க. நாங்க போனப்ப அந்தக் கம்பெனி இருந்த இந்து நகர் பேரை எடுத்தாலே பாதி மேசை பெருமூச்சு விடும். இவரு மட்டும் பெருமூச்செல்லாம் கிடையாது, நல்லா சிரிப்பாரு, "தம்பி, நான் முப்பது வருஷம் இருட்டுல சம்பாதிச்சவன்"ம்பாரு, நாங்க ஏதோ திருட்டு வேலைன்னு நெனச்சோம். அப்புறம் தான் விளக்கினாரு, ஃபிலிம் மேல அந்த மருந்தைப் பூசுற எடத்துல ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் மொத்த ரோலும் போச்சு, அதனால உள்ள போனா கையும் காதும் தான் கண்ணு.

ஒரு நாள் காத்து மழையில கரண்ட் போயிருச்சு. மெழுகுவர்த்தி தேடிட்டு சப்ளையர் கீழ போயிட்டாரு, ஸ்டவ்வும் அணைஞ்சு கிடக்கு, எங்க மேசையில அப்ப தான் ஒரு குவாட்டர் உடைச்சிருக்கோம், மூணு பேரு. "கையை எடுங்கடா எல்லாரும்"னு ஒரு குரல். க்ளக் க்ளக்னு மூணு தடவை சத்தம், அவ்ளோ தான். மெழுகுவர்த்தி வந்தப்புறம் கிளாஸை ஒட்டி ஒட்டி வெச்சுப் பாத்தோம், மூணும் ஒரே மட்டம், மேசையில ஒரு சொட்டு இல்ல. எங்க கூட இருந்த ஃபிசிக்ஸ் பையன் வாயைத் திறந்து பாத்துட்டே இருந்தான். அவரு ஒண்ணுமே நடக்காத மாதிரி கேரட்டைக் கடிச்சுட்டு, "சத்தம் மாறும்டா, கேட்டா தெரியும்"னாரு. அதுக்கப்புறம் கரண்ட் இருந்தா கூட எங்க குவாட்டரை அவரு தான் பிரிப்பாரு, கூலி ஒரு கட்டிங்.

சில நாள் பார் வேண்டாம்னு அசெம்ப்ளி ரூம்ஸ்ல நைட் ஷோ போவோம், இங்கிலீஷ் படம், பாதி புரியாது, உள்ள கதகதப்பா இருக்கும்ல. ரூமுக்கு வந்து விடிய விடிய பேசிட்டு டீ தேடி வெளிய வந்தா பிக்கப் வண்டியில கேரட் அறுவடைக்கு ஆளுங்க போய்ட்டு இருப்பாங்க, தலையில மஃப்ளர், கையில டார்ச். எங்க ராத்திரி அவங்களுக்குக் காலை. ஒரு அக்கா வண்டியில இருந்தே கேட்டாங்க, "படிக்கற புள்ளைங்களா நீங்க?"ன்னு. பதில் சொல்றதுக்குள்ள வண்டி வளைவு திரும்பிருச்சு, நல்லதாப் போச்சு.

காந்தல்காரன்:

அண்ணே, நான் டேபிள் துடைச்ச பக்கம். உங்களுக்கு அப்புறம், 2009 வாக்குல, பகல்ல காலேஜ், சாயங்காலம் ஒரு பார்ல சப்ளை. அப்பல்லாம் பாரை டெண்டர் எடுக்கறவருக்கு சரக்குல பங்கே கிடையாது, தின்பண்டம் விக்கறதும் காலி பாட்டில் சேக்கறதும் தான் அவரு உரிமை. அதனால முதலாளி எங்களை வேலைக்கு எடுக்கும்போதே சொல்வாரு, ஆளு போனாப் போகட்டும், பாட்டில் போகக்கூடாது. டூரிஸ்ட் பசங்க பாட்டிலோட கிளம்பினா பின்னாடியே ஓடிப்போய் கெஞ்சி வாங்கிட்டு வருவேன். அப்படித் தப்பிச்ச பாட்டில் எல்லாம் காட்டோரம் உடைஞ்சு கிடந்து யானை கால்ல குத்தி, கோர்ட் வரைக்கும் போய், 2022 மே மாசம் நம்ம ஜில்லாவுல தான் முதல்ல பத்து ரூபா திட்டம் வந்துச்சு, பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபா. நான் சும்மா ஓடின ஓட்டத்துக்கு அப்பவே பத்து ரூபா போட்டிருந்தா ஃபீஸே கட்டிருப்பேன்.

இன்னொண்ணு, குளிருக்கு ஒரு பெக் போட்டா சூடுன்னு வர்றவன் எல்லாம் சொல்வான். சூடு மாதிரி தெரியும், தோலுக்கு ரத்தம் ஏறும், உள்ள இருக்கற சூடு வெளிய போயிரும். ஜனவரி பனியில ஒரு ஆளு ஸ்வெட்டரைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு லேக் பக்கம் நடக்கப் போறேன்னான். சமையல் பண்ற மாமா அவனைப் புடிச்சு அடுப்படியில உக்கார வெச்சு, விடியற வரைக்கும் வெங்காயம் உரிக்க விட்டாரு. காலையில கும்பிட்டுட்டுப் போனான்.

குன்னூர்_மழை:

ஆம்பளைங்க கதையாவே போகுது, நானும் சொல்றேன். எங்க ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்குப் பூட்டு. எங்க நைட் லைஃப் மாடி ஜன்னல். கீழ் ரோட்டுல தினமும் ஒரு அண்ணன் பாடிட்டே வீட்டுக்குப் போவாரு, நல்ல குரல், சரணத்துல மட்டும் வார்த்தை மறந்துரும், மேல இருந்து நாங்க எடுத்துக் குடுப்போம், வார்டன் வர்றதுக்குள்ள. ஒரு நாள் நடு ரோட்டுல காட்டுமாடு. ஒத்தை ஆளு உசரம். அவரு நின்னு, வேட்டியை இறக்கி விட்டுட்டு, "ஏங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க, வீட்டுல தேடுவாங்க"ன்னாரு. மரியாதையா. ரெண்டு தடவை. அது தலையை ஆட்டிட்டு டீத்தோட்டத்துக்குள்ள இறங்கிருச்சு. யாரும் இதைப் பாத்து முயற்சி பண்ணாதீங்க, அது முட்டி செத்தவங்க இங்க உண்டு.

ஆனா ஒண்ணு. நான் எஸ்டேட் லைன் வீட்டுல வளந்தவ. அங்க நைட் லைஃப்னா சம்பள நாள் ராத்திரி தான். பெரட்டுக்களத்துல இருந்து, அதான் தோட்டத்து ஆளுங்களைக் கூட்டிப் பேர் கூப்பிடற எடம், அம்மா நேரா மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட போய் அரிசி பாக்கியைக் கட்டிட்டு தான் வீட்டுக்கே வருவாங்க, அப்பா கை நீட்டறதுக்கு முன்னாடி. உங்க பார் கதை எல்லாம் சிரிச்சுட்டு தான் படிச்சேன். அந்த மேசையில எங்கப்பாவும் உக்காந்திருப்பாரோன்னு ஒரு நெனப்பு ஓடிட்டே இருந்துச்சு.

ஸ்டோன்ஹவுஸ்_மேடு:

உக்காந்திருப்பாரு தங்கச்சி. சம்பள வாரம் ஸ்டவ் பக்கம் எங்களுக்கு எடமே கிடைக்காது, குன்னூர் கடைசி பஸ்ஸுக்கு எல்லாரும் மணி கேட்டுட்டே குடிப்பாங்க. காந்தல் தம்பி, அந்த சமையல் மாமா கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாரா, முட்டை பொடிமாஸ்ல சோம்பு போடுவாரா? அப்ப எங்க பார்ல இருந்த அதே ஆளு தான்.