உருண்ட கூரை போட்ட பிளேட்டு

ஆயா வீட்டைப் பிரிப்பதற்கு முன்னால் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினோம். ஒரு தகரப் பெட்டிக்குள் பதினோரு கிராமபோன் பிளேட்டுகள். எட்டில் எச்.எம்.வி. கம்பெனியின் நாய்ப் படம். மீதி மூன்றில் தூண் வைத்து, உருண்ட கூரை போட்ட ஒரு கட்டடம். ஏதோ மசூதி என்றுதான் நினைத்தேன். பாரிஸில் இருக்கும் ஓடியன் நாடக அரங்கு அது என்று தெரிய ஆறு மாதம் ஆனது. அந்த மூன்றின் உறையிலும் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்று அச்சடித்திருந்தது.

ஏ.வி.மெய்யப்பன் என்றால் நமக்கு சினிமாதான். ஆனால் அவர் முதலில் இறங்கியது பிளேட்டு வியாபாரத்தில். காரைக்குடியில் அப்பா வைத்திருந்த கடையில் விற்றுப் பழகி, 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸை ஆரம்பித்தார். ஓடியன், பெர்லினில் பிறந்த கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரையில் தமிழ்ப் பாட்டும், ஒரு நாடகத்தையே பல பிளேட்டுகளில் பதிந்த நாடக செட்டும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக வந்தன. 1932 முதல் 1938 வரை வடக்கும் தெற்குமாக ஓடியன் 2,000 தலைப்புகளுக்கு மேல் வெளியிட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரோடு எல்லாம் நின்றது.

இவ்வளவும் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு தப்பு செய்துவிட்டேன். மூன்றில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது அழுக்கு இல்லை, பாட்டு. இந்தத் தட்டுகளில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அதில் பாடியவர் யார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் மீதி இரண்டையும் எடுத்துப் போனேன். விலை பேசுவார் என்று பார்த்தால், பேசவில்லை. தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, "தம்பி, லேபிளை விடுங்க, இங்க பாருங்க" என்றார். பாட்டு பதிந்த பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு நடுவே, வழவழப்பான வளையத்தில், கண்ணுக்கு லேசாகத் தெரிகிற எண். லேபிளில் இருப்பது விற்பனைக்குக் கொடுத்த எண். இது பதிவு செய்தபோது கொடுத்த எண். பத்துத் தட்டின் வளைய எண்களை வரிசையாக எழுதினால் யாருக்குப் பின் யார் பாடினார்கள் என்று ஓரளவு பிடித்துவிடலாம். கம்பெனிக் கணக்குப் புத்தகம் கைக்குக் கிடைக்காத என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் கணக்குப் புத்தகம். அப்புறம் துடைக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்: லேபிள் நனையாமல், வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே.

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போனேன். அந்தச் சேகரிப்பு கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்தது, எங்கள் ஆயா ஊருக்கு நடந்து போகிற தூரம். பிளேட்டோடு விற்ற பாட்டுப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். அரக்கு உடைந்த பாட்டும் காகிதத்தில் தப்பித்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒருவர் எழுதியது:

உங்கள் ஸ்பிரிட் கதையைப் படித்ததும் வயிறு கலங்கியது. நான் தேடுவது 'யங் இந்தியா' என்ற கம்பெனியின் பிளேட்டுகளை. 1935 முதல் 1955 வரை எங்கள் பக்கத்து வடாலாவில் தொழிற்சாலை வைத்து ஓட்டினார்கள். புதியவர்களையும் பொழுதுபோக்காகப் பாடுகிறவர்களையும்தான் நிறையப் பதிவு செய்தார்கள், அதனால் பெரிய பெயர்களைச் சேகரிப்பவர்கள் இதைச் சீண்டவில்லை. வடாலாவில் பல பேரைக் கேட்டேன், தொழிற்சாலை எங்கே இருந்தது என்று காட்ட ஒருவரும் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மும்பை இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் யங் இந்தியா, ஓடியன் இரண்டையும் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள், உங்கள் தட்டு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னிடம் யங் இந்தியா தட்டு ஒன்று இருக்கிறது. மூன்று நிமிஷப் பாட்டு, பதினைந்து வயசுகூட இருக்காது என்று தோன்றும் குரல். லேபிளில் பாடியவர் பெயர் இருந்த இடம் மட்டும் கிழிந்திருக்கிறது. வளைய எண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.